கவர்னரின் கூட்டங்களில் நின்றவன்

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் ஐசம் பெட்வே கவர்னர் மாளிகைக்குச் சமையல்காரனாக வந்தபோது அவன் தலையில் ஒரு நரைகூட இல்லை. வந்தவன் கைதி. ஆற்றுப் படுகையிலிருந்த சிறைப்பண்ணையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவனை, கை சுத்தம், வாய் அடக்கம் என்று பார்த்துப் பொறுக்கி, தலைநகருக்குக் கொண்டுவந்து வெள்ளை உடுப்பு மாட்டி அடுப்படியில் நிறுத்தினார்கள். கால்சட்டையின் இரண்டு ஓரத்திலும் பச்சைக் கோடு ஓடும். அந்தக் கோடு மட்டும் இல்லாவிட்டால் நல்ல ஓட்டல் ஒன்றின் சிப்பந்தி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மாளிகை வேலைக்குத் திருடர்களை எடுப்பதில்லை, கொலை செய்தவர்களைத்தான் எடுப்பார்கள். திருடியவன் மறுபடி திருடுவான், கொன்றவன் அநேகமாக ஒரு தடவையோடு நின்றுவிடுவான் என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. ஐசம் கொன்றது தன் கூட்டாளி வார்டெல் சைக்ஸை. ஆற்றோரம் மீன் பொரித்துக் குடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வார்டெல் ஏதோ சொல்லிச் சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள், மீன் அரிந்த கத்தி ஐசம் கையிலேயே இருந்தது. எதற்காகச் செய்தாய் என்று நீதிபதி கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

அந்த மாளிகையில் ஒரு வழக்கம் இருந்தது. சட்டப் புத்தகம் எதிலும் கிடையாது. ஒரு கவர்னர் பதவி முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது, தனக்குச் சமைத்துப் போட்ட, சட்டை தேய்த்துக் கொடுத்த, புல் வெட்டிய கைதிகளுக்கு மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் பெட்டியோடு முன்வாசலில் இறங்க, இவர்கள் மூட்டையோடு பின்வாசலில் இறங்குவார்கள். ஆகவே மாளிகைக் கைதிகளுக்குத் தண்டனை முடியும் நாள் கோர்ட்டு சொன்ன நாளில்லை, கவர்னர் போகிற நாள்தான்.

கவர்னர் ராய்ஸ் டார்வர் இரண்டாம் தடவையும் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று அறிவித்த அன்று, பந்தி பரிமாறுகிற ஜூனியஸ் மேசைத்துணியை உதறிக்கொண்டே சமையலறைக்குள் வந்தான். ஐசமைவிட வயதில் மூத்தவன், மனைவியைக் கொன்றவன், வாய்த்துடுக்குக்காரன்.

"ஆளு ஜெயிச்சா நமக்கு இன்னும் நாலு வருசம் அடுப்பு. தோத்தா ஜனவரியில வீடு. இவருக்கு ஒரு ஓட்டுகூட விழக்கூடாதுன்னு நான் ஞாயித்துக்கிழமை தவறாம முட்டி போட்டுக்கிட்டிருக்கேன். இவரு என்னடான்னா, சூப்பு ஊத்தும்போது நிமிந்து பாத்து, 'எனக்காக ஜெபம் பண்றியா ஜூனியஸ்'ங்கிறாரு."

"நீ என்னண்ணே சொன்னே?"

"விடாம பண்றேன் ஐயான்னேன். பொய்யா சொன்னேன்?"

ஐசம் சிரித்துவிட்டான். ஆனால் அவனுக்கு டார்வரைப் பிடிக்காமலில்லை. சாப்பாட்டு அறையில் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து மாட்டிறைச்சி தின்றுவிட்டு, அவர்கள் போனபின் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு அடுப்படிக்கு வருவார். உயரமான கண்ணாடி டம்ளரில் சோள ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மோரை ஊற்றி, நின்றபடியே கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவார். "எங்கம்மா இப்பிடித்தான் குடுப்பா" என்பார். நல்ல மனுஷன். அவர் தோற்கவேண்டும். இரண்டும் ஐசமுக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன.

அந்தக் கோடையில் எதிர்த்து நின்றவன் ஃபெல்டன் என்கிற அரசு வழக்கறிஞன். ஊர் ஊராகப் போய் ஒரே பேச்சைப் பேசினான். கொலைகாரன் பிசைந்த மாவில் ரொட்டி தின்றுவிட்டு, அந்தக் கொலைகாரனை உங்கள் தெருவில் அவிழ்த்துவிடுகிற கவர்னர் உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று ஜனங்கள் கத்தினார்கள். டார்வரின் ஆதரவு சரிய ஆரம்பித்தது.

ஜூலைக் கடைசியில் ஒரு மத்தியானம், ஐசம் பிஸ்கட்டுக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தான். ரேடியோவில் கவர்னரின் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சந்தை மைதானத்து இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் திடீரென்று தாழ்ந்தது. "நான் ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, ஒரு கைதிக்கும் மன்னிப்பு எழுதமாட்டேன். என் தாயின் கல்லறை மேல் சத்தியம்" என்றார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று.

ஜூனியஸ் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தான். ஐசம் தட்டிய மாவை வட்டவட்டமாக வெட்டித் தட்டில் அடுக்கினான். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து கவர்னர் சமையலறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்டில்தான் அந்த விசித்திரமான பேச்சு முதல்முதலாக அடிபட்டது. கவர்னரின் காரை ஓட்டுகிற போலீஸ்காரர் ஹாயல் சமையலறைப் பின்கதவில் சாய்ந்துகொண்டு காபி குடிப்பது வழக்கம். அன்று டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் ஐசமையே பார்த்தார்.

"சனிக்கிழமை உன்னை யாரு டங்கன் கிராஸிங் கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்தது?"

"என்னையா? நான் இங்கதான் சார் இருந்தேன். கவர்னரம்மாவோட விருந்தாளிங்களுக்குக் கோழி பொரிச்சேன்."

"விளையாடாத. கடலை வண்டிப் பக்கத்துல நின்னே. எல்லாரும் விசிறிக்கிட்டு நிக்கிறாங்க, நீ மட்டும் சும்மா நிக்கிறே. அதான் கண்ணுல பட்டுது."

அந்த வருஷம் டார்வரின் ஆட்கள் சர்ச்சுகளில் கொடுப்பதுபோல் குச்சி வைத்த காகித விசிறிகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். விசிறி முழுக்கக் கவர்னரின் சிரித்த முகம். கூட்டத்துக்கு வந்தவர்களெல்லாம் வெயிலுக்கு அவர் முகத்தை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

"வேற யாரையோ பாத்திருப்பீங்க சார்" என்றான் ஐசம்.

ஹாயல் ஜோக்கடிக்கிற ஆளில்லை. "அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்துக்குப் பிறகு அவர் மட்டும் இல்லை, மேடைக்குக் காவல் நின்ற இன்னொருவரும் சொன்னார். அதற்கடுத்து, கவர்னர் மனைவியோடு போயிருந்த வேலைக்காரப் பெண் ஐசமைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். கூட்டத்துக்குக் கூட்டம் அந்த ஆள் முன்னால் வந்துகொண்டிருந்தான். முதலில் கடலை வண்டியருகே. பிறகு கறுப்பு ஜனங்களுக்கென்று ஒதுக்கிய மரத்தடியில். பிறகு மரத்தடியைத் தாண்டி, வெள்ளைக்காரப் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கவாட்டில். அவனை யாரும் தள்ளிப் போ என்று சொல்லவில்லை. அதுதான் ஹாயலுக்கு மற்ற எல்லாவற்றையும்விட விசித்திரமாகப் பட்டது.

மாளிகைக் கைதி கூட்டங்களில் சுற்றுகிறான் என்று ஃபெல்டனுக்குத் தெரிந்தால் தேர்தல் அன்றோடு முடிந்தது. ஓல்ட் ரிவர் கூட்டத்தன்று ஐசமைச் சரக்கறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். வெளியே நாற்காலி போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்தான். பொழுது போகாமல் மடியில் டிரான்சிஸ்டரைத் திருகி வைத்தான். உப்பிட்ட பன்றித் தொடைகள் தொங்குகிற கொக்கிகளுக்குக் கீழே, சர்க்கரை டின்மேல் உட்கார்ந்து ஐசமும் கேட்டான்.

கவர்னர் பாலங்களைப் பற்றிப் பேசினார், பள்ளிக்கூட பஸ்களைப் பற்றிப் பேசினார். "அடுத்த வருஷம் இந்த ஊருக்கு" என்றார். அங்கே நின்றுவிட்டார்.

யாரும் கத்தவில்லை, இருமவில்லை. ரேடியோ கெட்டுவிட்டதோ என்று காவலாளி தட்டிப் பார்த்தான். கெடவில்லை. காகித விசிறிகள் படபடக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. நூற்றுக்கணக்கான விசிறிகள். அந்தச் சத்தம் மட்டும் போய்க்கொண்டேயிருந்தது. பிறகு கவர்னர் மறுபடி பேச ஆரம்பித்தார், ஆனால் விட்ட இடத்திலிருந்து அல்ல. ஏற்கனவே சொல்லி முடித்த பாலங்களையே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

காவலாளி எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்தான். "உள்ளதான் இருக்கியா?"

"இருக்கேன் சார்."

"ஏதாவது பேசிக்கிட்டே இரு" என்றான் காவலாளி.

மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் டார்வர் சமையலறைக்கு வந்தார். ஜூனியஸை வெளியே போகச் சொன்னார். ஐசம் வழக்கப்படி டம்ளரை எடுத்தான். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நேத்து எங்க இருந்தே?"

"சரக்கறையில ஐயா. பூட்டி வெச்சிருந்தாங்க."

"தெரியும். பூட்டச் சொன்னதே நான்தான்." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் இளைத்திருந்தது. "நாலாவது வரிசையில நின்னான் ஐசம். உன்னை மாதிரி ஒருத்தன்னு இல்ல. நீதான். வயசாயிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்."

"அவன் என்ன பண்றான் ஐயா?"

"ஒண்ணும் பண்ணல. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். கோவமா பாத்தாத் தேவலை. கோவமே இல்ல." மேசையை விட்டுக் கையை எடுத்தார். "நான் தோக்கணும்னுதானே நெனைக்கிறே? உண்மையைச் சொல்லு, உன்னை ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"நெனைச்சுக்கிட்டிருந்தேன் ஐயா. நீங்க சத்தியம் பண்ணதுக்கப்புறம் இல்ல. இனிமே நீங்க இருந்தாலும் போனாலும் எனக்கு ஒண்ணுதானே."

டார்வர் தலையை ஆட்டினார். "கடைசிக் கூட்டம் தாலியாவுல. எங்க ஊரு. நீயும் வர்றே. நீ என் கண்ணெதிர்ல நின்னா, அப்புறம் அங்க நிக்கிறது யாருன்னு பாத்துடலாம்."

அப்படித்தான் ஐசம், கொலைக்கு உள்ளே போனதற்குப் பிறகு முதல் தடவையாக, விலங்கில்லாமல் வெளியூர் போனான். அன்று இரண்டாவது காரை ஓட்டிய ஹாயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நவம்பர் பிறந்தும் வெயில் விடவில்லை. எடுத்து முடித்த பருத்திக் காடுகளில் ஒட்டிக்கிடந்த பஞ்சு கார் போன வேகத்தில் சாலையோரம் பறந்தது. தாலியாவில் கோர்ட்டுக் கட்டடத்தின் முன்னால் மேடை. அமெரிக்கக் கொடியும் மாநிலக் கொடியும் காற்றில்லாமல் தொங்கின. பன்றி வாட்டுகிற புகையும் அவித்த கடலை வாசனையும் வந்தன. தலைகள் தெரியவில்லை. டார்வரின் முகங்கள்தான் தெரிந்தன, எல்லாம் ஒரே சிரிப்போடு ஆடிக்கொண்டிருந்தன.

ஹாயல் அவனை மேடைப் படிக்கட்டின் அடியில் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டார். கவர்னர் பேசும்போது இரண்டு தடவை திரும்பி ஐசம் இருக்கிறானா என்று பார்த்தார். பேச்சு தடங்கலில்லாமல் முடிந்தது. ஹாயல் மூச்சு விட்டார். "இன்னிக்கு வரல."

பிறகு கவர்னர் கீழே இறங்கினார். ஜனங்கள் கைகுலுக்க வரிசையில் வந்தார்கள். விவசாயிகள், ஆசிரியைகள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்ட ஒரு கிழவர் வந்தார்.

ஐசம் முதலில் கால்சட்டையைத்தான் பார்த்தான். ஓரத்தில் பச்சைக் கோடு இல்லை. பிறகு முகத்தைப் பார்த்தான். கண்ணாடியில் பார்க்கிறமாதிரி இல்லை. நம் குரலை யாராவது பதிவு செய்து போட்டுக் காட்டினால் இது நானா என்று ஒரு கூச்சம் வருமே, அந்தமாதிரி இருந்தது. தலை முழுக்க நரை. அவன் அப்பாவின் கூனல். ஹாயலின் விரல்கள் அவன் தோளில் அழுந்திப் பதிந்தன.

கிழவர் கவர்னரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். கவர்னர் உதட்டில் சிரிப்பை ஒட்டவைத்தபடியே நின்றார். அடுத்து வந்தவன் நீட்டிய கையை அவர் கவனிக்கவே இல்லை.

கிழவர் ஐசமைக் கடந்து போனார். கையை நீட்டினால் தொடும் தூரம். சலவைக் கஞ்சி மணம் வந்தது. அவர் இவன் பக்கம் திரும்பவில்லை. தெரிந்தவனைக் கண்டும் காணாததுபோல் போகிற நடை அல்ல அது. அந்த இடத்தில் ஆளே இல்லை, வெறும் படிக்கட்டுதான் இருக்கிறது என்பதுபோல் போனார். ஐசம் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். இருந்தன. நிமிர்ந்தபோது விசிறிகள்தான் ஆடிக்கொண்டிருந்தன.

திரும்பும்போது டார்வர் அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். ஊர் எல்லை தாண்டியதும் அவன் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னான்னு கேக்கமாட்டியா?"

"நீங்க சொன்னா கேக்கறேன் ஐயா."

"'ரொம்ப நன்றி கவர்னரே, நான் வீடு போய்ச் சேந்துட்டேன்'னான்." வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "கை சில்லுன்னு இருக்கும்னு நெனைச்சேன். இல்ல. வெதுவெதுன்னு, மாவு பிசைஞ்ச கை மாதிரி இருந்துது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் எதுவும் செய்யலியே ஐசம். செய்யமாட்டேன்னு எங்கம்மா மேல சத்தியம் பண்ணிட்டேனே."

"ஆமா ஐயா."

"அப்ப எதுக்கு நன்றி சொல்றான்?"

முன்னால் உட்கார்ந்திருந்த ஹாயல் காரின் வேகத்தைக் கூட்டினார்.

டார்வர் ஜெயித்தார், கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில். மறுநாள் காலை ஐசம் முட்டையும் சோளக் கஞ்சியும் செய்தான், ஜூனியஸ் கொண்டுபோய் வைத்தான், அவர் சாப்பிட்டார். அந்த ஆள் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் தென்படவில்லை. கவர்னர் மறுபடி சமையலறைக்கு வரத் தொடங்கினார், டம்ளரும் மோரும் மறுபடி வந்தன. தாலியாவைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் ஐசம் அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கும்போதெல்லாம் அவர் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். நரைக்கிறதா என்று பார்க்கிறார்.

ஜூனியஸ் இடையிலேயே சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். சிறைப்பண்ணையின் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பெயரில்லை, எண் மட்டும்தான். சாவதற்கு முன் கடைசியாக ஐசம் பார்க்கப் போனபோது, "என் சாயலா எவனும் எங்கயும் நிக்கலியாடா? ஹாயலைக் கேட்டுப் பாரேன்" என்றான். ஜோக்காகச் சொன்னானா, கெஞ்சிச் சொன்னானா என்று ஐசமால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலு வருஷம் கழித்து, பதவியின் கடைசி நாள் டார்வர் ஒரே ஒரு மன்னிப்பில் கையெழுத்துப் போட்டார். ஐசம் பெட்வேக்கு. மற்ற கைதிகள் பண்ணைக்குத் திரும்பிப் போனார்கள். பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. வார்டெல் சைக்ஸின் அம்மா ஒடெஸா, கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு டெலிவிஷனில் வந்தாள். அழவில்லை. "கவர்னர் அவங்கம்மா கல்லறை மேல சத்தியம் பண்ணாரு. என் மகன் கல்லறைக்கு யாரு பதில் சொல்வா?" என்று மட்டும் கேட்டாள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நிருபர்கள் டார்வரைத் துரத்தித் துரத்திக் கேட்டார்கள். அவர் காரணம் சொல்லாமலே இருந்துவிட்டார்.

ஐசம் பஸ் நிலையத்திலிருந்து போன் செய்தான்.

"ஐயா, நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"வேணாம்" என்றார் டார்வர். குரல் களைத்திருந்தது. "நீ ஏற்கனவே வந்துட்டுப் போயிட்டே." போனை வைத்துவிட்டார்.

சொந்த ஊரில் அக்காவின் வீட்டுப் பின்னறையில் ஐசம் தங்கினான். மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வெள்ளைச் சட்டை வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக்கூடக் கட்டம் போட்டதைத்தான் போட்டான். ஏன் இப்படி என்று அக்கா திட்டினாள். ஊருக்கு எந்த அரசியல்வாதி வந்தாலும் அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கமாட்டான். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, அக்காவைக் கூப்பிட்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான். தான் அந்த அறையில்தான் இருக்கிறோம் என்பதற்கு இன்னொருவர் சாட்சி வேண்டியிருந்தது. டார்வர் இறந்தபோது தலைநகருக்குப் போகவில்லை. தலை மெதுவாக நரைத்தது. நரைத்த பின் அவனுக்குப் பயம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

முழு மன்னிப்பு பெற்றவனுக்கு ஓட்டு உண்டு என்று பாதிரியார்தான் சொன்னார். அடுத்த கவர்னர் தேர்தலன்று அக்கா வற்புறுத்தி அனுப்பினாள். சர்ச்சின் பின்கூடத்தில் வரிசை நீண்டிருந்தது. ஐசம் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் யாரோ வந்து நின்றார்கள். ஊன்றுகோல் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். கறுப்புத் தொப்பி. ஒடெஸா சைக்ஸ் அவனை நேராகப் பார்த்தாள். யாரென்று அவளுக்குத் தெரியும்.

அவன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷத்தில் சேர்ந்த எதுவும் நாக்குக்கு வரவில்லை. முன்னால் இருந்தவர்கள் மேசையை நோக்கி நகர்ந்துவிட்டார்கள், நடுவே வெற்றுத் தரை கிடந்தது.

"நகரு" என்றாள் ஒடெஸா. "வரிசை போய்க்கிட்டிருக்கு."

ஐசம் நகர்ந்தான்.